மெமரி ஃபுல் என்றால் எது ஃபுல்?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து கிளம்பும்போது ஒரு பையன் வந்து வழியில் நின்றான். "அண்ணா, ஆயா காலிங். மெமரி ஃபுல்" என்றான். அவன் வகுப்பில் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். அவன் அப்பாவுக்குத் தமிழ் புரியும், பேச வராது. எண்பதைத் தாண்டிய ஆயாதான் அந்த வீட்டில் இன்னும் தமிழில் திட்டுகிறவர். டர்பனில் அப்பாவைப் பெற்றவரை ஆயா என்றுதான் பல வீடுகளில் கூப்பிடுகிறார்கள். நான் ஊரிலிருந்து வந்த புதிதில், யாரோ வேலைக்காரம்மா என்று நினைத்து அசடு வழிந்திருக்கிறேன். அது வேறு கதை.

போய்ப் பார்த்தால், அந்த வீட்டில் மெமரி என்ற ஒரே சொல்லுக்கு நாலு அர்த்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஆயா சொன்னது கைபேசியில் வரும் எச்சரிக்கை. பையன் சொன்னது லேப்டாப் நகராமல் நிற்பது. அவன் அப்பா சொன்னது ஹார்ட் டிஸ்க். மேசையில் கிடந்த பென் டிரைவுக்கும் இந்த நாட்டில் பெயர் மெமரி ஸ்டிக். லேப்டாப் திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது என்பதற்காக, 2 டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்க அப்பா முடிவு செய்திருந்தார். "மெமரி போதவில்லை, அதனால் மெமரி வாங்குகிறேன்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த லேப்டாப்பில் ஏற்கெனவே 1 டெராபைட் டிஸ்க் இருந்தது. அதில் பாதிக்குமேல் காலி.

இந்தக் குழப்பம் வெறும் சொல் குழப்பம் என்று விட்டுவிட முடியாது. கடையில் பணத்தைத் தப்பான இடத்தில் போட வைப்பது இதுதான். அந்த லேப்டாப்பையே 2017இல் '1 டெராபைட் மெமரி' என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். உள்ளே, ஓடுகிற வேலையை வைத்துக்கொள்ளும் ரேம் 4 ஜிபி என்பதை யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

காவடி நாளில் கோயில் சமையற்கட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பின்னால் சாமான் அறையில் அரிசி மூட்டை, பருப்பு, காய்கறி எல்லாம் அடுக்கியிருக்கும். முன்னால் வரிசையாகக் கேஸ் அடுப்புகள். ஒன்றில் சோறு, ஒன்றில் பருப்பு, ஒன்றில் பீன்ஸ் கறி. சேமிப்பு என்பது அந்தச் சாமான் அறை. ரேம் என்பது அடுப்புகளின் எண்ணிக்கை. மூட்டையை இரட்டிப்பாக்கினால் சமையல் சீக்கிரம் முடியாது. அடுப்பு இரண்டுதான் இருக்கிறது, பானை ஐந்து என்றால் என்ன செய்வார்கள்? ஒன்றை இறக்கி ஓரமாக வைத்துவிட்டு இன்னொன்றை ஏற்றுவார்கள், மறுபடி மாற்றுவார்கள். வேலை நடக்கும், ஆனால் வரிசையில் நிற்கிறவர்கள் பசியில் காய்வார்கள். கேஸை அணைத்தால் அடுப்பில் இருந்தது அப்படியே நின்றுபோகும். சாமான் அறையில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. கணினியை அணைத்ததும் ரேம் காலியாவதும், டிஸ்க்கில் இருப்பது அப்படியே இருப்பதும் இதேதான்.

இறக்கி ஏற்றும் அந்த வேலைக்குக் கணினியில் ஸ்வாப் என்று பெயர். ரேம் நிறைந்ததும், இப்போது பயன்படுத்தாத பகுதியை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி வைக்கும், வேண்டும்போது திரும்ப எடுக்கும். இதில் டிஸ்க் என்ன வகை என்பதுதான் எல்லாம். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ நொடி. சில்லுகளில் சேமிக்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டியிலிருந்து எடுக்க அதைப்போலச் சுமார் ஆயிரம் மடங்கு நேரம். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு லட்சம் மடங்குக்கும் மேல். நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன்: ரேம் ஒரு நொடி எடுத்துக்கொண்டால், எஸ்எஸ்டி சாட்ஸ்வொர்த்திலிருந்து டர்பன் நகருக்குள் காரில் போகிற நேரம் எடுத்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க்? டர்பனிலிருந்து கேப் டவுனுக்குக் கார் ஓட்டிப் போய்த் திரும்பி வருகிற நேரம், கிட்டத்தட்ட. அந்தப் பையனின் லேப்டாப் ஒவ்வொரு தடவையும் கேப் டவுன் போய் வந்துகொண்டிருந்தது.

ஏன் இத்தனை நேரம் என்றால், ஹார்ட் டிஸ்க் ஒரு இயந்திரம். உள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் வட்டத் தகடு, அதன்மேல் பழைய கிராமபோன் முள் மாதிரி ஒரு கை. நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் டிஸ்க்கில்கூட ஒரு சுற்றுக்கு 8 மில்லி நொடிக்கு மேல் ஆகிறது. வேண்டிய இடம் முள்ளுக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் கை நகர்ந்து சரியான வட்டத்துக்குப் போக இன்னொரு 8, 9 மில்லி நொடி. ஆக, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னத் துண்டுகளை எடுப்பதென்றால் நொடிக்கு நூறைத் தொடுவதே கஷ்டம். எஸ்எஸ்டியில் கையும் இல்லை, தகடும் இல்லை. அதே நொடியில் பல்லாயிரம் துண்டுகள். விண்டோஸ் திறப்பது என்பது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைப் பொறுக்குவது. அதனால்தான் பழைய கணினியில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் ஏதோ மந்திரம் மாதிரி இருக்கிறது. ஒரு பழைய கணினிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால், நான் இதைத்தான் சொல்வேன். ரேம்கூட இரண்டாவதுதான்.

சரி, ரேம் எவ்வளவு வேண்டும்?

விண்டோஸ் 95 ஓட 4 எம்பி ரேம் போதும் என்று போட்டிருந்தார்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்குக் குறைந்தபட்சம் 64 எம்பி. 2009இல் வந்த விண்டோஸ் 7க்கு 1 ஜிபி. 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 4 ஜிபி. இருபத்தாறு வருடத்தில் ஆயிரம் மடங்கு. ஆனால் இந்தக் குறைந்தபட்ச எண்ணை நம்பி வாங்கினவர் யாரும் சந்தோஷமாக இருந்ததில்லை. 'குறைந்தபட்சம்' என்றால் திறக்கும் என்று அர்த்தம். வேலை செய்யலாம் என்று அர்த்தமில்லை.

இன்று வீட்டுக் கணினியில் ரேமைத் தின்பது வேர்டும் இல்லை, எக்செல்லும் இல்லை. பிரவுசர்தான். குரோம் மாதிரியான பிரவுசர்கள் ஒவ்வொரு இணையதளத்தையும் தனித்தனிச் செயலாகப் பிரித்து வைக்கின்றன. ஒரு தளத்தில் இருக்கும் விஷமம் பக்கத்து டேப்பில் திறந்திருக்கும் வங்கிக் கணக்கை எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக 2018 முதல் இந்தப் பிரிவினை இன்னும் கறாராகிவிட்டது. பாதுகாப்புக்கு நல்லது. ரேமுக்குச் செலவு. பத்து டேப், கூடவே வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவரின் டீம்ஸ் கூட்டம், வாட்ஸாப், பின்னணியில் ஒரு வைரஸ் தடுப்பான். 8 ஜிபி அங்கேயே முடிந்தது. அதிலும் தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத லேப்டாப்பில் திரைக்கு வேண்டிய பங்கும் இதே ரேமிலிருந்துதான் போகிறது. 8 என்று வாங்கியது கைக்கு வரும்போது ஏழு சொச்சம்தான்.

என் கணக்கு இது. 4 ஜிபி இனி வேண்டாம், இலவசமாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும். 8 ஜிபியை மெயில், படிப்பு, படம் பார்ப்பது என்று ஒரு நேரத்தில் ஒரு வேலை செய்கிறவர் சமாளிக்கலாம். ஆனால் பின்னால் கூட்ட வழி இருந்தால் மட்டும் வாங்குங்கள். புதிதாக வாங்கினால் 16. ஆப்பிள் பல வருடம் 8 ஜிபியே போதும் என்று சாதித்துவிட்டு, 2024 அக்டோபரில் மேக்புக் ஏர் வரைக்கும் 16 ஆக்கியது. மைக்ரோசாஃப்ட்டும் அதே ஆண்டு தன் 'கோபைலட் பிளஸ்' கணினிகளுக்கு 16 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு என்று கீழ் எல்லை வைத்தது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று தெரிகிறது. 32 ஜிபி யாருக்கு? கல்யாண வீடியோ எடிட் செய்கிறவருக்கு, கணினிக்குள் இன்னொரு கணினி ஓட்டிப் பார்க்கிறவருக்கு. நம்மில் பெரும்பாலோருக்கு அது பெருமைக்கு.

பிள்ளைகள் படிப்புக்கு என்று கேட்கிறவர்கள் அதிகம் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் பத்தாம் வகுப்பிலிருந்து மெட்ரிக் வரை (இங்கே அது பன்னிரண்டாம் வகுப்பு) இரண்டு கணினிப் பாடங்கள். சிஏடி என்பதில் வேர்டு, எக்செல், ஆக்ஸஸ் மாதிரியான அலுவலக மென்பொருள்கள். ஐடி என்பதில் நிரல் எழுதுவது. நிறையப் பள்ளிகளில் இன்னும் டெல்ஃபி என்ற நிரல் மொழிதான். இரண்டுமே ரேமைப் பெரிதாகக் கேட்பவை அல்ல. "ஸ்கூல்ல கேட்டாங்க" என்று பையன் 32 ஜிபி கேமிங் லேப்டாப் கேட்டால், கேட்டது பள்ளி இல்லை.

ரேம் போதவில்லையா, வேறு ஏதாவது கோளாறா என்று தெரிந்துகொள்ள யாரையும் கூப்பிட வேண்டாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். வழக்கமாகச் செய்யும் வேலைகள் எல்லாம் திறந்திருக்கும்போது அதில் மெமரி, டிஸ்க் இரண்டையும் பாருங்கள். ரேம் 70 சதவீதம் நிறைந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் லாபமில்லை என்று விண்டோஸே அடிக்கடி தேவைப்படுவதை அதில் நிரப்பி வைக்கும். ரேம் 90ஐத் தாண்டி, கூடவே டிஸ்க்கும் 100 சதவீதத்தில் துடித்தால்தான் கேப் டவுன் பயணம் நடக்கிறது என்று அர்த்தம். அப்புறம், ரேமைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் இலவச மென்பொருள்களைத் தொடாதீர்கள். நிரப்பி வைத்ததை எல்லாம் கொட்டிவிட்டு, விண்டோஸை மறுபடி நிரப்ப வைப்பதுதான் அவை செய்யும் சேவை.

வாங்கும்போது எல்லோரும் கேட்க மறக்கிற கேள்வி ஒன்று உண்டு: ரேமைப் பின்னால் மாற்ற முடியுமா? மெல்லிய லேப்டாப்களில் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே சால்டர் செய்து ஒட்டி வருகிறது. வாங்கிய அன்று என்னவோ அதுதான் கடைசி வரை. டிஸ்க் அப்படியில்லை, பெரும்பாலான லேப்டாப்களில் மாற்றலாம், வெளியே ஒன்று செருகவும் செய்யலாம். அதனால் கையில் இருக்கும் பணத்தில் ஒன்றைத்தான் கூட்ட முடியும் என்றால், மாற்ற முடியாததைக் கூட்டுங்கள். கடைக்காரர் "16 ஜிபி, 256" என்றும் "8 ஜிபி, 1 டெராபைட்" என்றும் இரண்டு லேப்டாப்பை ஒரே விலைக்கு வைத்தால், கை தானாக இரண்டாவதைத்தான் எடுக்கும். எண் பெரிதாக இருக்கிறதே! முதலாவதை எடுங்கள்.

பிற்பாடு ரேம் வாங்கப் போகிறவர் வகையைப் பார்க்க வேண்டும். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. நடுவில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். அழுத்திச் செருகினால் உடைவது போர்டு. முடிந்தால் ஒரே அளவில் இரண்டு துண்டாகப் போடுங்கள், இரண்டு வழியாகத் தகவல் போய்வரும்.

விலை விஷயத்தில் நேரம் சரியில்லை. உலகத்தின் ரேம் சில்லுகளில் பெரும்பகுதியை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள்தான் செய்கின்றன. செயற்கை நுண்ணறிவுச் சர்வர்களுக்கு வேண்டிய விலையுயர்ந்த ரேமுக்கு அவை ஆலைகளைத் திருப்பிவிட, 2025 பிற்பகுதியில் வீட்டு ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், வீட்டுப் பயனாளர்களுக்கு விற்றுவந்த க்ரூஷியல் வியாபாரத்தையே மூடப் போவதாக அறிவித்தது. அதற்கு மேல் நமக்கு டாலரை ராண்டாக மாற்றும் வலி, 15 சதவீத வாட் வரி. இந்த நிலையில் "எதற்கும் இருக்கட்டும்" என்று 32 வாங்கிப் போடுவது, விலை உச்சத்தில் தங்கம் வாங்குவது மாதிரி.

இனி சேமிப்பு. இங்கேதான் நம் வீடுகளின் குணம் தெரியும்.

முதலில் பெட்டியில் போட்ட எண்ணும் திரையில் வரும் எண்ணும் ஏன் ஒத்துப்போவதில்லை என்ற பழைய சண்டை. 256 ஜிபி என்று வாங்கியது விண்டோஸில் 238 என்றும், 1 டெராபைட் 931 என்றும் காட்டும். யாரும் திருடவில்லை. டிஸ்க் செய்கிறவர் 1000, 1000 ஆகப் பெருக்குகிறார். விண்டோஸ் 1024, 1024 ஆக வகுக்கிறது. அந்த 238இல் விண்டோஸும், அது தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்ளும் சுமார் 7 ஜிபியும், ஸ்வாப் கோப்பும், ஆஃபீஸ் மென்பொருளும் சேர்ந்து 50, 60 எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்டி மூச்சுவிடப் பத்து, பதினைந்து சதவீதம் காலியாக விட வேண்டும். கழித்துப் பார்த்தால் நம் கைக்கு 140, 150.

மலிவு லேப்டாப்களில் வரும் 64 ஜிபி இஎம்எம்சி என்ற சேமிப்புச் சில்லு பற்றி ஒரே வரி: வாங்காதீர்கள். விண்டோஸ் 11இன் கீழ் எல்லையே 64 ஜிபி. அடுத்த பெரிய அப்டேட் வரும்போது இறக்கி வைக்க இடமில்லாமல் தத்தளிக்கும். அது பெரும்பாலும் போர்டோடு ஒட்டியது, மாற்றவும் முடியாது.

ஒரு குடும்பம் வருடத்துக்கு எவ்வளவு சேர்க்கிறது? இரண்டு கைபேசி, ஒவ்வொன்றிலும் மாதம் 300 படம், படத்துக்கு 4 எம்பி என்று வைத்தால் வருடத்துக்கு 29 ஜிபி வருகிறது. வீடியோதான் பெருந்தீனிக்காரன். ஐஃபோனில் 4கே வீடியோ, நொடிக்கு 30 ஃபிரேம் என்ற அமைப்பில் நிமிடத்துக்கு 170 எம்பி. அதையே 60 ஃபிரேம் ஆக்கினால் 400 எம்பி. சாதாரண 1080 அமைப்பில் 60 எம்பிதான். மாதம் பத்து நிமிடம் 4கே எடுத்தால் வருடத்துக்கு இன்னொரு 20 ஜிபி. மொத்தம் சுமார் 50 ஜிபி, பத்து வருடத்துக்கு 500. பெரிய கேம் விளையாடும் பிள்ளை இருந்தால் கணக்கே வேறு, ஒரே கேம் 100 ஜிபியைத் தாண்டும். தைப்பூசக் காவடியை முழுக்க 4கே 60இல் எடுக்கும் மாமாக்கள் இருக்கும் வீட்டில், அந்த மாமாவின் கைபேசி அமைப்பை மாற்றிவிடுவது ஒரு டிஸ்க் வாங்குவதற்குச் சமம்.

ஆயா வீட்டில் இன்னொரு விஷயம் இருந்தது. பேரனின் அப்பா குடும்ப வரலாறு தேடுகிறவர். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து டர்பன் வந்ததிலிருந்து, கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பெயர், ஊர், எண் எல்லாம் பட்டியல்களில் இருக்கின்றன. அந்த நகல்கள், பழைய கல்யாணப் படங்கள், ஆயாவின் மாமனார் பென்சிலில் எழுதிய கணக்கு நோட்டு ஒன்று. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துகொண்டிருந்தார், மிகுந்த பக்தியோடு, 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), சுருக்காமல் வைக்கும் டிஃப் கோப்பாக. ஒரு ஏ4 பக்கம் அந்த அமைப்பில் சுமார் 104 எம்பி. கணக்கு நேரானது: 4960க்கு 7016 புள்ளிகள், புள்ளிக்கு 3 பைட். ஆயிரம் பக்கம் என்றால் 100 ஜிபிக்கு மேல். அதையே நல்ல தரத்தில், சுருக்கி வைக்கும் ஜேபெக் ஆக்கினால் பக்கத்துக்குச் சில எம்பிதான். மங்கிய கையெழுத்து இருக்கும் மூலப் பத்திரத்தையும் படத்தையும் டிஃப்பாக வையுங்கள், அச்சடித்த பட்டியல் நகலுக்கு ஜேபெக் போதும் என்றேன். கொஞ்சம் மனசில்லாமல் ஒத்துக்கொண்டார்.

அலமாரியில் முப்பது டிவிடிகள் வேறு. கல்யாணம், காதுகுத்து, அம்மன் கோயில் தீமிதி. புது லேப்டாப்களில் டிவிடி போட இடமே இல்லை. ஒரு டிவிடியில் 4.7 ஜிபி வரை இருக்கும். முப்பதும் சேர்ந்தாலும் 140 ஜிபிதான். டர்பன் ஈரக்காற்றில் டிவிடிகள் எத்தனை நாள் தாங்கும் என்று பந்தயம் கட்டாமல், இப்போதே நகலெடுத்துவிடுவது நல்லது.

இதையெல்லாம் கிளவுடில் போட்டுவிட்டால் டிஸ்க் எதற்கு என்று இளையவர்கள் கேட்பார்கள். டர்பன் இருக்கும் இந்த குவாஸுலு-நட்டால் மாகாணத்துக்காரர்களுக்கு அதில் ஒரு சின்னச் சிரிப்பு உண்டு. 2009 செப்டம்பரில் இங்கே ஹோவிக்கிலிருந்து ஹில்க்ரெஸ்டுக்கு, சுமார் 80 கிலோமீட்டர், வின்ஸ்டன் என்ற 11 மாதப் புறாவின் காலில் 4 ஜிபி மெமரி கார்டு கட்டிப் பறக்க விட்டார்கள். இணைய வேகத்தில் வெறுத்துப்போன ஒரு நிறுவனத்தின் வேலை அது. புறா ஒரு மணி எட்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. கார்டிலிருந்து நகலெடுப்பதையும் சேர்த்து இரண்டு மணி ஏழு நிமிடம். அந்த நேரத்தில், தொலைபேசிக் கம்பி இணையமான ஏடிஎஸ்எல் வழியாகப் போயிருந்தது 4 சதவீதம். நம் வீடுகளில் எல்லாவற்றையும் டிஸ்க்கில் இறக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்தக் காலத்தில் வந்தது. இப்போது ஃபைபர் வந்த தெருக்களில் புறாவுக்கு வேலையில்லை. ஆனாலும் 2024 மார்ச்சில் ஐவரி கோஸ்ட் பக்கம் கடலடியில் நாலு கேபிள் ஒன்றாகப் பழுதாகி, இங்கே பலருக்கு மெயிலும் கோப்பும் திறக்காமல் தவித்ததை நாம் பார்த்தோம். இலவசமாகக் கிடைப்பது கூகுளில் 15 ஜிபி, மைக்ரோசாஃப்ட்டிலும் ஆப்பிளிலும் 5 ஜிபி. அதற்கு மேல் மாத வாடகை. கிளவுடை நான் ஒரு நகலாக வைத்திருக்கிறேன். ஒரே நகலாக அல்ல.

மின்சாரத்தைப் பற்றிப் பேசாமல் இந்த நாட்டில் டிஸ்க்கைப் பற்றிப் பேச முடியாது. 2023இல் முந்நூறுக்கும் மேற்பட்ட நாட்கள் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்த மின்வெட்டு. 2024 மார்ச் கடைசிக்குப் பிறகு பெருமளவு ஓய்ந்துவிட்டது, ஆனால் கேபிள் திருட்டும் மழையும் இருக்கும்வரை விளக்கு அணையத்தான் செய்யும். அணைவதைவிடத் திரும்பி வருவதுதான் ஆபத்து. முதல் நொடியில் அழுத்தம் எகிறும். 2023இல் என்னிடம் 4 டெராபைட் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று இருந்தது. வீட்டில் இருந்த ஐந்து சின்ன டிஸ்க்குகளைத் திரட்டி அதில் கொட்டிவிட்டு, சின்னவற்றை அழித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டேன். அத்தனை கர்வம். ஒரு ராத்திரி கரண்ட் திரும்பி வந்தபோது அது சுவரில் செருகியபடியே இருந்தது. காலையில் போட்டால் 'டிக்... டிக்... டிக்' என்று ஒரு சத்தம், பல்லிகூட அவ்வளவு ஒழுங்காகச் சொல்லாது. முள் தன் இடத்தைத் தேடித் தேடித் திரும்பும் சத்தம் அது. மீட்டுத் தருகிறேன் என்றவர் கேட்ட தொகையில் ஊருக்கு விமான டிக்கெட் எடுக்கலாம். என் தங்கை கல்யாணப் படங்கள் அவள் மாமியார் வீட்டு மெமரி ஸ்டிக்கிலிருந்து திரும்பக் கிடைத்தன. மற்றது போனது போனதுதான்.

அதிலிருந்து 4 டெராபைட் வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் இரண்டு 1 டெராபைட்டாக வாங்குங்கள் என்கிறேன். வீட்டில் உண்மையில் இருப்பது 600, 700 ஜிபிக்கு மேல் அபூர்வம். ஒரே உள்ளடக்கம், இரண்டு டிஸ்க், இரண்டு வீடு. இரண்டு வீடு என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அந்தத் துயரத்துக்கு முன்னால் ஒரு டிஸ்க் பெரிதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஒருவர் லேப்டாப்பையும் அதன் நகல் டிஸ்க்கையும் ஒரே மேசையின் கீழ் இழுப்பறையில் வைத்திருந்தார். தண்ணீர் முதலில் எட்டியது அந்த இழுப்பறையைத்தான்.

நகலுக்கு எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்க்கா? தினம் ஓடும் கணினிக்குள் எஸ்எஸ்டி. அது எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்ற பயம் வேண்டாம்; 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு 300 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் தருகிறவர்கள் உண்டு. தினம் 20 ஜிபி எழுதினாலும் நாற்பது வருடம். ஆனால் அலமாரியில் பூட்டி வருடக்கணக்கில் தொடாமல் வைக்கும் நகலுக்கு ஹார்ட் டிஸ்க்கே மேல். மின்சாரமே காணாமல் கிடக்கும் எஸ்எஸ்டியில், அதுவும் பழையதில், பதிந்த மின்னேற்றம் மெல்லக் கசியும். விலையும் ஹார்ட் டிஸ்க்கில்தான் குறைவு, வேகம் அங்கே யாருக்கு வேண்டும்.

ஆயா வீட்டு லேப்டாப்புக்கு அடுத்த வாரம் ஸ்க்ரூ டிரைவரோடு போனேன். அடிமூடியைக் கழற்றினால் ரேம் போட இரண்டு இடம், ஒன்று காலி. அதில் ஒரு 8 ஜிபி டிடிஆர்4, பழசுதான், ஒரு நண்பர் லேப்டாப்பிலிருந்து வந்தது. போட்டுத் திறந்தால் திரை வரவில்லை, 'பீப்' என்றது. பல வருடக் கடற்கரை ஊர் ஈரத்தில் தங்க நிறப் பற்களின்மேல் மெல்லிய கறை. பேரனின் பென்சில் பெட்டியிலிருந்து வெள்ளை ரப்பரை வாங்கி, இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மறுபடி சாய்த்துச் செருகினேன். வந்தது. ஹார்ட் டிஸ்க்கின் இடத்தில் 500 ஜிபி எஸ்எஸ்டி. பழைய டிஸ்க்கை மலிவான ஒரு வெளி உறையில் போட்டு ஸ்கேன்களுக்கு ஒரு நகலாக்கினேன், இன்னொரு நகல் டர்பனின் இன்னொரு பக்கம், ஃபீனிக்ஸில் இருக்கும் அத்தை வீட்டுக்கு. ஐந்து நிமிடம் அரை நிமிடமாகக் குறைந்தது. அந்தக் கணினியின் செயலி விண்டோஸ் 11 ஏற்காத பழைய தலைமுறை. ரேம் கூட்டினாலும் அது மாறாது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு ஆதரவு முடிந்தாலும், பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் வரை வரும். அதற்குப் பிறகு விண்டோஸுக்குப் பதில், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போடலாம், இந்த 12 ஜிபி அதற்குத் தாராளம். பையன் பத்தாம் வகுப்புக்கு சிஏடி எடுத்தால் மட்டும் விண்டோஸுக்கு வழி தேட வேண்டும்.

எல்லாம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஆயா கைபேசியை நீட்டினார். "அது சரி தம்பி, என் மெமரி ஃபுல்லு இன்னும் போகலையே?"

திறந்து பார்த்தேன். 64 ஜிபி கைபேசி. வாட்ஸாப் மட்டும் 19 ஜிபி. குடும்பக் குழு, கோயில் குழு, மாதர் சங்கக் குழு, மூன்றிலும் தினம் காலையில் வரும் 'இனிய காலை வணக்கம்'. வேலோடு முருகன், மயிலோடு முருகன், செவ்வாய்க்கிழமை முருகன், மின்னி மின்னி மறையும் வீடியோ முருகன். அழித்துவிடலாமா ஆயா என்றேன்.

"முருகனையா?" என்றார் ஆயா.

1 டெராபைட் டிஸ்க்கில் இடம் நிறைய இருந்தது. 'முருகன்' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, 14,000 சொச்சம் படங்களையும் அதற்குள் இறக்கினேன். ஃபீனிக்ஸ் நகலிலும் போட்டாயிற்றா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கைபேசியில் அழிக்க விட்டார்.